கடலூரில் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க யாரிடம் கொடுப்பது? நான்கு வழிகளும் எங்கள் வீட்டுக் கணக்கும்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு 850 சதுர அடி, தரைத்தளம் மட்டும். உள்ளும் வெளியும் பெயிண்ட் அடிக்க நான்கு பேரை வரவழைத்துக் கேட்டோம். முதலாமவர் நாள் கூலி சொன்னார். இரண்டாமவர் சதுர அடிக்கு இவ்வளவு கூலி, பெயிண்ட் நீங்களே வாங்கிக் கொடுங்கள் என்றார். மூன்றாமவர் பொருளோடு சேர்த்து 1,12,200 ரூபாய் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். நான்காவதாக ஒரு பெயிண்ட் கம்பெனியின் சார்பில் வந்த தம்பி டேப்லெட்டில் தட்டித் தட்டி 1,48,680 என்று காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "நாலு பேரும் நம்ம வீட்டத்தானே பார்த்தாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் கேட்டதையும் விசாரித்ததையும் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே எழுதுகிறேன். கூலி விவரம் எல்லாம் 2025 மாசி மாதத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னது. உங்கள் தெருவில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிடுவது என்பது மாறாது.

இவ்வளவு கவனம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இதற்கு முந்தைய முறை, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், அவசரத்தில், பொருளோடு சேர்த்து ஒருவரிடம் கொடுத்தோம். மார்கழி ஈரம் சுவரில் அப்படியே இருந்தது. ஆறே நாளில் அடித்து முடித்தார், வீடு பளபளவென்று இருந்தது. அடுத்த வருடப் பிறப்புக்குப் பழைய காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தபோது, அதன் பின்னால் இருந்த பெயிண்ட் பாலாடை மாதிரி ஒரே ஏடாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டியும் இல்லை, பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமரும் இல்லை. பழைய சுண்ணாம்பின் மேல் நேராக அடித்திருந்தார். போன் செய்தால் எடுக்கவில்லை. பில் கேட்டு வாங்கியிருக்கவும் இல்லை. அப்பாவின் ஓய்வூதியத்தில் சேர்த்த பணம் அது. அதனால்தான் இந்த முறை ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

லைசென்ஸ் உண்டா?

என் கூடப்பிறந்த தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அந்த ஆளுக்கு லைசென்ஸ் இருக்கா பார்த்தியா?" அவனிருக்கும் ஊரில் அது சரியான கேள்வி. அங்கே 1,000 டாலரை எட்டும் வேலை என்றால் பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு மாநில அரசின் சி-33 என்ற உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு 25,000 டாலர் உத்தரவாதப் பத்திரமும் வேண்டும். உரிம எண்ணைத் தட்டினால் அந்த ஆளின் பெயரில் புகார் இருக்கிறதா என்று இணையத்திலேயே தெரிந்துவிடும்.

நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. தமிழ்நாட்டிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, வீட்டுக்கு பெயிண்ட் அடிப்பவருக்கென்று அரசு தரும் தொழில் உரிமம் இல்லை. வயரிங் வேலை எடுத்துச் செய்யும் மின் ஒப்பந்ததாரருக்கு உரிமம் உண்டு, பெயிண்டருக்கு இல்லை. ஆகவே "லைசென்ஸ்டு பெயிண்டர்" என்று யாராவது கார்டு நீட்டினால், எந்த லைசென்ஸ் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, உத்யம் சான்றிதழ். சிறுதொழில் செய்பவர் இணையத்தில் இலவசமாக, தானே விவரம் கொடுத்து எடுத்துக்கொள்வது. அவர் வேலை சுத்தமா என்று யாரும் சோதித்துக் கொடுத்ததில்லை. இரண்டாவது, பொதுப்பணித்துறையில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் என்பது. அது அரசு டெண்டர் எடுக்க உதவும். உங்கள் ஹாலில் பட்டி பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாவது, ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் ஜெனரல் என்ற இரண்டு வருடப் படிப்போ, திறன் பயிற்சிச் சான்றோ. இது நல்ல விஷயம், இருந்தால் மதிக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த கைதேர்ந்த மேஸ்திரிகளில் பலர் பதினைந்து வயதில் உப்புத்தாள் பிடித்துக் கற்றவர்கள்.

நான்காவதுதான் முக்கியம், ஜி.எஸ்.டி. எண். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம், அதற்குக் கீழே இருப்பவருக்குக் கட்டாயம் இல்லை. இரண்டு மூன்று ஆட்களை வைத்து வேலை செய்யும் மேஸ்திரிகள் பலர் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். அதனால் எண் இல்லை என்பது குற்றமல்ல. ஆனால் எண் இல்லாதவர் உங்களிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கக் கூடாது. பெயிண்டிங் வேலைக்கு வரி 18 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு 18,000 என்பது சின்னத் தொகையா?

எண்ணைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடம் கொண்டது, முதல் இரண்டு எண்ணும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. நம் பகுதியில் பாகூர், கன்னியக்கோவில் பக்கத்திலிருந்து மேஸ்திரிகள் மஞ்சக்குப்பம் வந்து வேலை எடுப்பதும், இங்கிருந்து ஆட்கள் முதலியார்பேட்டைக்குப் போவதும் வழக்கம். 34-ல் தொடங்கும் எண்காரர் கடலூர் வீட்டுக்கு பில் போட்டால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் வேலைக்கான வரி) 18 சதவீதம் என்று ஒரே வரியில் வரும். 33 என்றால் மத்திய அரசுக்கு ஒன்பது, மாநில அரசுக்கு ஒன்பது என்று பிரிந்து வரும். மொத்தம் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். நான் ஒருவருடைய எண்ணைப் போட்டுப் பார்த்தேன், வேறு ஒரு கடையின் பெயர் வந்தது. அத்தோடு அவரை விட்டுவிட்டேன். பில்லில் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில் செய்பவருக்கான எளிய ஜி.எஸ்.டி. முறை) இருப்பவர் என்று அச்சிட்டிருந்தால், அவரும் உங்களிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயிட் டவுன் பக்கம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் வீடு என்றால், வெளி முகப்பில் கை வைக்கும் முன் நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வந்து உலர வழி வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான எமல்ஷனை (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) ஏற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சையே தள்ளிவிடும்.

முதலில் டேப்பைப் பிடியுங்கள்

நான்கு பேர் சொன்ன விலையும் நான்கு விதமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அளவு. 850 சதுர அடி என்பது தரை. பெயிண்ட் ஏறுவது சுவரிலும் கூரையிலும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்று வையுங்கள். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440, கூரை 120, ஆக 560 சதுர அடி. தரை வெறும் 120 தான். இப்படி அறை அறையாக அளந்ததில் எங்கள் வீட்டின் உள்பக்கம் 2,800 சதுர அடியும் வெளிச்சுவர் 1,500 சதுர அடியும் வந்தன. மூன்றாமவர் அளக்காமலே உள்ளே 3,200 என்று போட்டிருந்தார். நான் டேப்பை எடுத்துக் காட்டிய பிறகு 2,800-க்கு இறங்கி, அதன்படிதான் அந்த 1,12,200-ஐ எழுதிக் கொடுத்தார்.

கதவு, ஜன்னலை மேஸ்திரிகள் கழிக்க மாட்டார்கள். ஓரம் பிடித்து அடிக்க நேரம் ஆகும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 முறையிலும், அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிப்பதில்லை. சாதாரணக் கதவு அளவு என்றால் சுவரின் இரு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கிறார்கள். இதற்காகச் சண்டை போட வேண்டாம். எல்லோரிடமும் ஒரே அளவைக் கொடுத்து விலை கேட்டால் போதும்.

நாள் கூலி

பெயிண்டருக்கு 1,000, கையாளுக்கு 700. இரண்டு பெயிண்டர், ஒரு கையாள் என்றால் நாளுக்கு 2,700 ரூபாய், இரண்டு வேளை டீ தனி. பெயிண்ட், பட்டி, உப்புத்தாள், பிரஷ், ரோலர் எல்லாம் நம் பொறுப்பு.

இதில் இருக்கும் பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேலை இழுத்துக்கொண்டே போகும். "இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்மா" என்பது நான்கு நாளாகும். எங்கள் வீட்டுக்கு 16 நாள் என்றார்கள். 16 நாளுக்கு 43,200. ஐந்து நாள் இழுத்தால் 56,700. வீட்டில் யாராவது கூடவே இருந்து பார்க்க முடியாது என்றால் இந்த வழி வேண்டாம்.

ஆனால் பழைய வீட்டுக்காரர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வேன், நாள் கூலியை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எங்கள் மேற்குச் சுவரைப் பார்த்த பிறகு எனக்கு வந்த தீர்மானம் இது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது கொட்டிய மழையில் அந்தச் சுவர் நனைந்து ஊறிவிட்டது. இடுப்பளவுக்கு உப்பு பூத்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தது. சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய விட்டு, மறுபடி உப்பு வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பட்டி. சுரண்டலுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. சதுர அடிக்கணக்கில் கூலி வாங்குபவர் அந்தச் சுவரில் மூன்று நாள் நின்றால் அவருக்கு நஷ்டம், அரை நாளில் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு பட்டியை ஏற்றிவிடத்தான் தோன்றும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கூலி பேசிய விதம் அப்படி. சுவர் நோயாளியாக இருந்தால் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

லேபர் கான்ட்ராக்ட்

பொருள் நம்முடையது, கூலி சதுர அடிக்கு. எங்களுக்குச் சொன்னது உள்ளே 12 ரூபாய் (சுரண்டல், தேவையான இடத்தில் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன்), வெளியே 9 ரூபாய், கிரில், கேட், கதவுக்கு எனாமல் மொத்தமாக 7,000. ஆக 33,600 + 13,500 + 7,000 = 54,100. நாள் கூலிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், 54,100-ஐ 2,700-ஆல் வகுத்தால் 20 நாள். அதாவது 20 நாளுக்குள் முடியும் என்றால் நாள் கூலி லாபம், தாண்டினால் லேபர் கான்ட்ராக்ட் லாபம். உங்கள் வீட்டுக்கும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

பொருளுக்குத் தனியாக 43,000 என்று பெயிண்ட் கடையில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கூலியோடு 97,100. கடைக்குப் போகும்போது டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அது வழவழப்பான சுவருக்கு. சொரசொரப்பான பழைய சுவர் கூடுதலாகக் குடிக்கும். முழுவதையும் ஒரே நாளில் வாங்காமல் முக்கால் பங்கு வாங்கி, தேவைப்பட்டால் அப்புறம் வாங்குங்கள். ஷேடு எண்ணையும் பேஸ் எண்ணையும் மூடியிலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலர் கலந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

இந்த வழியின் உண்மையான லாபம், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று நமக்குத் தெரிவது. எவ்வளவு சேர்க்கலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். முதல் நாள் காலை மேஸ்திரியோடு நின்று அளந்து கலந்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்படிப் பாக்கிறவங்க வீட்லதாம்மா வேலைக்கும் பேர் இருக்கும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

பொருளோடு கான்ட்ராக்ட்

உள்ளே 24 ரூபாய், வெளியே 22, எனாமல் வேலை 12,000. மொத்தம் 1,12,200. லேபர் கான்ட்ராக்டோடு ஒப்பிட்டால் 15,100 ரூபாய் கூடுதல். கடைக்கு அலைய வேண்டாம், கணக்கு எழுத வேண்டாம். வேலைக்குப் போகும் கணவன் மனைவிக்கு அந்த 15,000 தகும் என்றுதான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனை. எந்தக் கம்பெனி, அதில் எந்த ரகம், எத்தனை லிட்டர், எத்தனை கோட் என்று தாளில் இருக்க வேண்டும். "நல்ல எமல்ஷன்" என்று மட்டும் எழுதினால் அதே கம்பெனியின் மிகக் குறைந்த ரகம்தான் வரும். சீல் உடைக்காத டப்பாக்கள் வீட்டில் இறங்க வேண்டும். காலி டப்பாக்களை வேலை முடியும் வரை வெளியே போட விடாதீர்கள், எண்ணிப் பார்க்கலாம்.

டோக்கன் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் டப்பாவோடு பெயிண்டருக்கென்று டோக்கனோ, ஸ்கேன் செய்யும் குறியீடோ வைக்கின்றன. அதில் அவருக்குப் பாயிண்ட் ஏறும். மூடியைத் திறந்ததும் கையாள் முதலில் தேடுவது அதைத்தான். அது அவர்கள் சம்பாத்தியம், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் "இந்தக் கம்பெனிதான் நம்ம ஊர் உப்புக் காத்துக்குத் தாங்கும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், தேவனாம்பட்டினம் பக்கம் அதே பெயிண்ட் அடித்து இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை, புதிதாக இருக்கும்போது எல்லாச் சுவரும் அழகுதான்.

பெயிண்ட் கம்பெனியின் சேவை

உள்ளே 30, வெளியே 28, கூட்டினால் 1,26,000. கடைசி வரியில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 22,680 சேர்ந்து 1,48,680. கிரில், கேட் இதில் வரவில்லை. கருவி வைத்து ஈரம் பார்த்தார்கள், சாமான்களை மூடி வேலை செய்வோம், தூசி உறிஞ்சும் மிஷினில் உப்புத்தாள் போடுவோம் என்றார்கள். வேலைக்கு வருவது நம் ஊர் ஆட்கள்தான், மேற்பார்வைக்கு ஒருவர் இருப்பார்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கேட்க ஒரு ஆள், காட்ட ஒரு பில் இருக்கும். வாரன்டி தாளின் பின்பக்கத்தை மட்டும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். சுவருக்குள் கசிவு, தரையிலிருந்து ஏறும் ஓதம் இவற்றால் வரும் சேதம் பொதுவாக வாரன்டியில் சேராது. கடலோர ஊரில் சுவர் கெடுவது முக்கால்வாசி அதனால்தான்.

ஏணியில் நிற்பவர்

எந்த வழியில் கொடுத்தாலும் ஏணியிலும் சாரத்திலும் நிற்பது ஒரு மனிதர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது, பெயிண்டர்களும் அதில் உறுப்பினராகலாம். புதுச்சேரிக்குத் தனி வாரியம் உண்டு. அந்த அட்டை இருந்தால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் கிடைக்க வழி இருக்கிறது. எங்கள் மேஸ்திரியிடம் இருந்தது, கையாள் தம்பியிடம் இல்லை.

அவனுக்கு வங்கிக் கணக்கு இருந்தது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு, 18 முதல் 70 வயது வரை சேரலாம். வேலை தொடங்கும் முன் அவனை வங்கிக்கு அனுப்பிச் சேர வைத்தோம், அந்த 20 ரூபாயை நான் கொடுத்தேன். மாடி வீடு என்றால் சாரம் யார் செலவு, சவுக்குக் கம்பு யார் கொண்டு வருவது, இடுப்புப் பெல்ட் உண்டா என்பதையும் விலை பேசும்போதே கேளுங்கள். கடைசியில் கேட்டால் சாரம் இல்லாமல் மொட்டைமாடிக் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்குவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நம்மால் வீட்டுக்குள் உட்கார முடியாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய எனாமலைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கிரில், கதவு பெயிண்டில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நனைத்து உப்புத்தாள் போடச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

எந்த மாதம்

பொங்கலுக்கு முன் அடிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது சரியாக இருந்தது, சுண்ணாம்பு ஈரத்தோடு ஒத்துப்போகும். எமல்ஷன் ஒத்துப்போகாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிய சுவர் மார்கழிக்குள் காய்வதில்லை. போதாக்குறைக்கு அந்த மாதத்தில் ஆளும் கிடைக்க மாட்டார்கள், கூலியும் கூடும். மாசி முதல் சித்திரை வரைதான் சுவருக்கு நல்லது. ஆடியில் புதுமனை புகுவிழா இல்லாததால் மேஸ்திரிகள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், உள்வேலைக்கு விலை பேச நல்ல நேரம்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க கருவி தேவையில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சாயங்காலம் சுவரில் பதித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் நாளாக வேண்டும். எங்கள் மேற்குச் சுவர் மூன்றாவது தடவைதான் தேறியது, அதற்குள் மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டது.

நாங்கள் செய்தது

இரண்டைக் கலந்தோம். இரண்டாவதாக வந்த மேஸ்திரியிடமே, மேற்குச் சுவர், சுரண்டல், பட்டி எல்லாவற்றுக்கும் நாள் கூலி என்று ஐந்து நாள் பேசினோம், 13,500. சுவர் தயாரான பிறகு மீதியைச் சதுர அடிக்கு விட்டோம். தயாரிப்பு வேலை கழிந்ததால் உள்ளே 9 ரூபாய், வெளியே 8 ரூபாய் என்று இறங்கினார். எனாமலோடு 44,200. பொருள் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடி 45,600. மொத்தம் 1,03,300 ரூபாய். வெறும் லேபர் கான்ட்ராக்டைவிட 6,200 அதிகம். அந்த 6,200 அந்த ஒரு சுவருக்கான வைத்தியச் செலவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கத் தாளில் எழுதினோம். அறைவாரியாக அளவு, எத்தனை கோட், ரகத்தின் பெயர், தொடங்கும் நாள், சாமான் நகர்த்துவது யார், தரை துடைப்பது யார், இவ்வளவுதான். அவருடைய ஆதார் நகல் ஒன்று. முன்பணம் 5,000. பட்டி முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு, எல்லாம் யு.பி.ஐ.யில். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. இதற்கு உண்டு. தகராறு வந்தால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். போன முறை என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லாததால்தான் அப்படியே விட வேண்டியதாயிற்று.

கடைசி 5,000 ரூபாயை ஐப்பசி மழை பார்த்த பிறகு தருவதாகப் பேச்சு. மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஐப்பசியில் இரண்டு பெரிய மழை போன பிறகு அவரே சைக்கிளில் வந்தார். மேற்குச் சுவரின் அடியோரமாகக் குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனார். குளியலறைப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு உப்பு பூத்திருந்தது. நக்கிப் பார்த்துவிட்டு, "இது மழைத் தண்ணி இல்லம்மா, உள்ள பைப்பு கசியுது" என்றார். பிளம்பரை வைத்து உடைத்தால் முழங்கை மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அடைத்து, காய்ந்து, பத்து நாள் கழித்து வந்து அந்த இடத்தை மட்டும் பட்டி பார்த்து அடித்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. அம்மா காபி போட்டுக் கொடுக்க, நான் அந்த 5,000-ஐ அவர் முன்னாலேயே அனுப்பினேன்.